மாமாவின் இரும்புப் பெட்டிக்குள் ஓதம்

தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் இருக்கும் என் மாமனார் வீட்டுக்கு யார் போனாலும் அத்தை முதலில் கேட்பது, "சாப்பிட்டியா?" மாமா முதலில் கேட்பது, "அங்கே பெஞ்சுதா?" டர்பனிலிருந்து வடக்கே 40 கிலோமீட்டர்தான். அங்கே பெய்தால் இங்கேயும் பெய்திருக்கும், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்பார். வாழ்நாள் முழுக்கக் கரும்பு போட்டவர். இப்போது நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். மழையை விசாரிக்கும் பழக்கத்தை மட்டும் யாருக்கும் குத்தகைக்கு விடவில்லை.

நான் திருநெல்வேலிக்காரன். வேலைக்காக டர்பன் வந்து, இந்தக் குடும்பத்தில் பெண் எடுத்து, இங்கேயே தங்கிவிட்டேன். மாமாவின் தாத்தா சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். முதல் கப்பல் ட்ரூரோ 1860 நவம்பர் 16-இல் டர்பன் துறையில் நின்றது. இவர் வந்தது அதற்கு வெகு காலம் கழித்து. அந்தத் தாத்தாவின் ஒப்பந்தக் காகிதம், அதில் அவருக்குக் கொடுத்த எண், இரண்டு பழைய புகைப்படம், அத்தையின் கூரைப் புடவை, நிலப் பத்திரம், கோயில் சந்தா ரசீதுகள் கூட, எல்லாம் ஒரே இடத்தில்தான் இருந்தன: மாமாவின் துப்பாக்கிப் பெட்டியில். வீட்டில் அதை 'சேஃபு' என்பார்கள்.

துப்பாக்கி என்றதும் பயந்துவிட வேண்டாம். 'பன்னிரண்டு போர்' (குழலின் அளவைச் சொல்லும் பெயர்) இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி, அவ்வளவுதான். கரும்புக் காட்டில் காட்டுப் பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் பாத்தி பாத்தியாக நாசம் பண்ணிவிடும். அதற்காக வாங்கியது. இந்த நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது லேசான காரியமில்லை. 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் சட்டப்படி, முதலில் தகுதிச் சான்று வாங்க வேண்டும், அப்புறம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி உரிமம். வைக்கும் பெட்டி இந்த நாட்டுத் தர நிறுவனத்தின் எஸ்.ஏ.பி.எஸ். 953 என்ற தரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். உரிமம் முடிவதற்கு 90 நாள் முன்பே புதுப்பிக்க மனுக் கொடுக்க வேண்டும். சாவி மாமாவின் இடுப்பை விட்டு இறங்காது. நான் இந்தப் பதிவில் சொல்லும் எல்லாமே அவர் திறந்து, அவர் துப்பாக்கியை மடித்து, இரண்டு குழலும் காலி என்று என் கண்ணுக்குக் காட்டிய பிறகு நடந்தவைதான்.

2023 பிப்ரவரி. புதுப்பிக்கும் வேலை வந்தது. காவல் நிலையத்திலிருந்து பெட்டியைப் பார்க்க ஆள் வருவார்கள், அதற்கு முன் ஒரு தரம் துடைத்து வைக்கலாம் என்று மாமா கதவைத் திறந்தார். வாடைதான் முதலில் வந்தது. மழையில் நனைந்த சாக்கை மடித்து மூலையில் போட்டு ஒரு வாரம் கழித்து எடுத்தால் அடிக்குமே, அது. துப்பாக்கியின் கட்டையில் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது. தோல்வாரில் பச்சையும் வெள்ளையுமாகப் புள்ளி. புடவைப் பெட்டியின் அட்டை ஊறி அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. குழலில் பொடிப் பொடியாகத் துரு. துப்பாக்கியின் பூட்டுக்கு மேலே, தட்டையான இரும்புப் பகுதியில், மூன்று கோடாகத் துரு. யாரோ வரைந்த மாதிரி அளவான மூன்று கோடு.

மாமா ஒன்றும் பேசவில்லை. அத்தைதான் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது நான் போட்ட பட்டை."

விஷயம் இதுதான். சரஸ்வதி பூஜைக்கு இந்த வீட்டில் துப்பாக்கிக்கும் பூஜை உண்டு. மாமாவின் அம்மா ஆரம்பித்து வைத்த பழக்கம். விபூதியைத் தண்ணீரில் குழைத்து மூன்று விரலால் பட்டை, நடுவில் சந்தனம், குங்குமம். ஆயுதத்துக்கு மரியாதை பண்ணிவிட்டு, ஈரத்தோடேயே உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். அக்டோபரில் பூட்டியது, பிப்ரவரிக்குள் இரும்பு அதைப் படித்து எழுதிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சிரிக்கிற தைரியம் வரவில்லை.

அப்புறம் வைத்தியம் ஆரம்பித்தது. ஆளுக்கொரு வைத்தியம். அத்தை அரிசியைத் துணியில் முடிந்து நான்கு மூலையிலும் வைத்தார். உப்பு டப்பாவில் நாலு அரிசி போடுகிறோமே, அந்தக் கணக்கு. உப்பு டப்பாவுக்குச் சரி. 300 லிட்டர் பெட்டிக்கு அரிசியால் ஒன்றும் ஆகாது. அது கொஞ்சம் ஈரம் குடித்துவிட்டு, தானே பூசணத்துக்குச் சாப்பாடாகி, வண்டுக்கும் வீடாகும். மாமா கற்பூர வில்லையும் அந்துருண்டையும் போட்டார். இரண்டும் வாடையை மறைக்கும், பூச்சியை விரட்டும். ஒரு சொட்டு ஈரத்தைக் கூட எடுக்காது. துப்பாக்கிக்கு அவர் தடவியது தேங்காய் எண்ணெய். "எங்க அப்பா அதான் போடுவார்." அந்த எண்ணெய் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு தூசியைப் பிடித்து வைக்கும். அந்தப் பிசுபிசுப்பின் மேல்தான் பூசணம் இன்னும் நன்றாகப் படர்ந்திருந்தது. கட்டைக்கும் குழலுக்கும் சேர்த்து தாராளமாக வேறு தடவியிருந்தார்.

என் பங்குக்கு நானும் ஒரு தப்புப் பண்ணினேன். எஞ்ஜினியர் பண்ணும் தப்பு கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் துணி அலமாரிக்கு வைக்க விற்கும் வெள்ளைக் குருணை டப்பா இரண்டு வாங்கி வந்து வைத்தேன். கால்சியம் குளோரைடு. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து, அடித்தட்டில் தண்ணீராகச் சேரும். பத்தே நாளில் பாதி டப்பா தண்ணீர். எனக்கு ஒரே பெருமை, மாமாவிடம் தூக்கிக் காட்டினேன். அடுத்த வாரம் அவர் நிலப் பத்திரத்தை உருவும்போது கோப்பின் முனை இடித்து ஒரு டப்பா சாய்ந்தது. அது தண்ணீர் இல்லை, கெட்டி உப்புக் கரைசல். இரும்புக்கு அதைவிட மோசமான ஒன்றைக் காசு கொடுத்து வாங்க முடியாது. தானாக உலரவும் உலராது, காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே கிடக்கும். நாங்கள் கவனித்துத் துடைப்பதற்குள் பெட்டியின் அடித்தகடு ஆரஞ்சு நிறமாகிவிட்டது. சமையலறை அலமாரிக்கு அந்த டப்பா நல்லதுதான். துப்பாக்கி இருக்கும் பெட்டிக்குள் வேண்டாம்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, முதலிலேயே செய்திருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன்.

பெட்டிக்குள் 0.3 கன மீட்டர் காற்று. 28 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 27 கிராம் நீராவியைத் தாங்கும். டர்பன் கோடையில் ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 22 கிராம். அப்படியானால் பெட்டிக்குள் இருக்கும் மொத்தக் காற்றிலும் உள்ள தண்ணீர் ஆறரை கிராம். ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட. இவ்வளவுக்காகவா பாதி டப்பா நிறைந்தது? மீதி எங்கிருந்து வந்தது?

பெட்டிக்குள் இருந்த பொருள்களிலிருந்துதான். காகிதம், மரம், துணி, தோல் எல்லாமே ஈரத்தைத் தமக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். 80 சதவீத ஈரக் காற்றில் கிடக்கும் மரத்தின் எடையில் 16 சதவீதம் வரை தண்ணீர் இருக்கும். 50 சதவீதக் காற்றில் 9 சதவீதம். ஒரு கிலோ கட்டை என்றால் வித்தியாசம் 70 கிராம். மாமா அடைத்து வைத்திருந்த காகிதம் ஐந்து கிலோவாவது இருக்கும். அதில் மட்டும் கால் கிலோவுக்குக் கிட்டத்தட்டக் கூடுதல் தண்ணீர். பெட்டியின் உள்பக்கம் முழுக்க ஒட்டியிருந்த கம்பளித் துணியை இதில் சேர்க்கவே இல்லை. ஆக, பெட்டிக்குள் ஒரு செம்பு தண்ணீரை வைத்துப் பூட்டிவிட்டு, ஆறு கிராம் நீராவியோடு நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

இதற்கு மேல் ராத்திரிக் குளிர். பகலில் 28 டிகிரி, 60 சதவீதம் என்றால் பரவாயில்லை என்று தோன்றும். அதே காற்று ராத்திரி 20 டிகிரிக்கு இறங்கினால், ஒரு சொட்டு ஈரம் கூடாமலேயே 97 சதவீதம் ஆகிவிடும். குளிர்ந்த சுவரை ஒட்டிய தகட்டில் வியர்க்கும். பகலில் மட்டும் கையை விட்டுப் பார்த்து 'காய்ந்துதான் இருக்கிறது' என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க மாட்டார்கள்.

சுவர் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தப் பெட்டி படுக்கையறையின் தெற்குச் சுவரில் போல்ட் போட்டிருந்தது. வெளிச்சுவர். எனக்கு இதில் முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. எங்கள் ஊரில் மார்கழி தை மாதம் தெற்குச் சுவரில்தான் வெயில் விழும், பாட்டி அங்கேதான் வற்றல் காய வைப்பாள். இங்கே பூமத்திய ரேகைக்குக் கீழே கிட்டத்தட்ட 30 டிகிரியில் இருக்கிறோம். சூரியன் வடக்கே போகிறது. குளிர்காலம் முழுக்கத் தெற்குச் சுவர் வெயிலையே பார்க்காது. சாரல் அடிக்கும் தெற்குக் காற்றும் அந்தப் பக்கம்தான். 2022 ஏப்ரல் வெள்ளம் நினைவிருக்கும். இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், டோங்காட்டின் குடிநீர் நிலையமே சேதமாகி ஊர் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குக் குடம் தூக்கி நின்றது. அந்த மழையில் ஊறிய சுவர் அதற்குப் பிறகு ஒழுங்காகக் காயவே இல்லை. பெட்டிக்குப் பின்னால் சுண்ணாம்பு உப்பி உதிர்ந்திருந்தது. சுவர் ஈரம் ஊறி ஓதம் காத்திருக்கிறது, பெட்டி அதன் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறது, நடுவே போல்ட் துளைகள் வேறு.

கொஞ்சம் இடைவெளி விட்டு வைக்கலாமே என்று நினைத்தேன். பூட்டுக்காரர் கேட்டுச் சிரித்தார். இடைவெளி விட்டால் கடப்பாரை நுழையும். சுவரோடு ஒட்டித்தான் இறுக்க வேண்டும். அதனால் மாற்ற வேண்டியது சுவரைத்தான். வீட்டின் நடுவே நடையில் இருக்கும் அலமாரிக்குள், இரண்டு பக்கமும் அறை உள்ள ஒரு சுவருக்கு மாற்றினோம். அடியில் கட்டடத்துக்குப் போடும் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை மடித்துப் போட்டார். சிமெண்ட் தரை கீழேயிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே விடும், அதைத் தடுக்க. அந்த ஒரு நாள் வேலைக்குக் கொடுத்த பணம்தான் இந்த விவகாரத்திலேயே உருப்படியாகச் செலவான பணம் என்பேன்.

இனி அளவு. கண்ணாலும் மூக்காலும் ஈரத்தை அளக்க முடியாது. ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி வாங்கினேன். விலை குறைந்த மானிகள் எல்லாம் கொஞ்சம் பொய் சொல்லும். எவ்வளவு பொய் என்று தெரிந்துகொள்ள வீட்டு உப்பே போதும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். ஈர உப்புக்கு மேலே உள்ள காற்று 75 சதவீதத்தில் வந்து நிற்கும். அது உப்பின் குணம், ஊருக்கு ஊர் மாறாது. என் மானி 69 காட்டியது. சரி, ஆறு கூட்டிப் படிக்க வேண்டும் என்று அதன் முதுகில் எழுதி ஒட்டினேன்.

இந்த 75-ஐக் கொஞ்சம் நினைவில் வைக்கலாம். அதே உப்பு நம் விரலிலும் இருக்கிறது, கடற்கரையிலிருந்து வரும் காற்றிலும் இருக்கிறது. துப்பாக்கியைத் தொட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்தால் விரல் ரேகையின் வடிவத்தில் உப்பு அதன் மேல் தங்கும். காற்றின் ஈரப்பதம் 75-ஐத் தாண்டினால் அந்த உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரையும். அதாவது இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தண்ணீர்ப் படலம். கடல் உப்பில் மெக்னீசியமும் கலந்திருப்பதால் அது இன்னும் கீழேயே ஈரம் பிடிக்க ஆரம்பிக்கும். கடலோர ஊர்களில் இரும்பு இவ்வளவு சீக்கிரம் துருப்பிடிப்பது இதனால்தான். துரு 60-க்கு மேல் வேகம் பிடிக்கும், பூசணம் 70 பக்கம் வந்தால் தைரியமாகக் கிளம்பும். 50-ஐ ஒட்டி வைத்திருந்தால் இரண்டுமே தூங்கும். ரொம்பக் கீழே கொண்டுபோவதும் நல்லதில்லை, மரக்கட்டை சுருங்கி விரியும்.

முதல் நாள் பெட்டிக்குள் மானி காட்டியது, கூட்டலோடு சேர்த்து, 83. அறையில் 78. திருடனுக்கு அசராத பெட்டி அறையை விட ஈரமாக இருந்தது. மாமா என்னையும் மானியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ வெளியே ஒரு அலமாரியில போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்ன்றே?" இரும்பைப் பொறுத்தவரை, ஆமாம் மாமா.

காலி பண்ணுவதுதான் பெரிய சண்டை. துப்பாக்கியைத் தவிர எல்லாம் வெளியே என்றேன். அவர் மசியவில்லை. 2021 ஜூலைக் கலவரத்தின்போது தெரு முனையில் ராத்திரியெல்லாம் காவல் நின்றவர். "இந்த வீட்டுலயே பத்திரமான இடம் இதுதான். தாத்தா காகிதத்தைப் பீரோவில வைக்கச் சொல்றியா?" அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் காகிதம் போனால் வேறு கிடையாது. கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம் (குடும்பத்தில் இரண்டாவது ஒப்பந்தம் என்றார் என் மனைவி). காகிதங்கள் உள்ளேயே இருக்கட்டும், ஆனால் நன்றாக உலர்த்தி, ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், தனியாக ஒரு சிலிக்கா பொட்டலத்தோடு. ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பெட்டியில் நடந்ததே டப்பாவிலும் நடக்கும், அதனால் உலர்த்துவதுதான் முக்கியம். புடவை பீரோவுக்குப் போனது. கோயில் ரசீதுகளை அத்தை குப்பையில் போட்டுவிட்டார், மாமாவுக்கு இன்னும் தெரியாது. அவர் தமிழ் வாசிக்க மாட்டார், அதனால் இங்கே எழுதலாம்.

காகிதங்களை எப்போது உலர்த்துவது? இந்த ஊர்க்காரர்களுக்கு இயற்கையே ஒரு நாள் கொடுக்கிறது. குளிர்காலத்தில், குளிர் முகப்பு (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) ஒன்று வருவதற்கு முன், உள்நாட்டு மலைப் பக்கமிருந்து கடலை நோக்கி ஒரு காற்று வீசும். பெர்க் காற்று என்பார்கள். ஜூலையில் திடீரென்று சித்திரை வெயில் வந்த மாதிரி இருக்கும், உதடு வெடிக்கும், ஈரப்பதம் சடசடவென்று கீழே விழும். அன்று காலையில் மாமா பெட்டியை அகலத் திறந்து போட்டு நாற்காலியோடு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். காகிதங்களை வெயிலில் இல்லாமல் உள் அறையில் மேஜை மேல் பரப்புவோம். சாயங்காலம் காற்றுத் திசை மாறுவதற்குள் மூடிவிட வேண்டும். குளிர் முகப்பு ஈரத்தோடுதான் வரும்.

ஆனால் பிப்ரவரியில் பூசணத்தைக் கண்டுவிட்டு ஜூலை வரை காத்திருக்க முடியாது. கம்பளித் துணியைக் கிழித்தெடுத்தோம். துப்பாக்கியைக் கடைக்காரர் கொடுத்த நுரைப் பெட்டிக்குள் வைத்து அதைச் சேஃபுக்குள் வைத்திருந்தார் மாமா, அதையும் எடுத்தோம். நுரை பஞ்சு மாதிரி ஈரம் குடித்து இரும்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும். தோல் உறையும் அப்படித்தான். கொண்டுபோக மட்டுமே உறை, வைக்க இல்லை. பூசணத்தை வீட்டுக்கு வெளியே, முகமூடி போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் ஒரு மெல்லிய கை. பிளீச் போடச் சொன்ன உறவினர் ஒருவர் உண்டு. பிளீச் பட்டால் பூசணம் போகும், கூடவே இரும்பும் போகும். தோல்வாருக்குப் பாதி வினிகர் பாதி தண்ணீர். குழலின் துருவை மெல்லிய எஃகு நாரில் எண்ணெய் தொட்டு மாமாவே மணிக்கணக்கில் தேய்த்தார். புள்ளிகள் போயின. பட்டை மூன்று கோடும் நிழலாக இன்னும் இருக்கின்றன.

இப்போது எண்ணெய் என்றால் துப்பாக்கிக்கென்றே விற்கும் எண்ணெய், அதுவும் ஒரு துணியில் சொட்டு விட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு. குழல் கீழே பார்க்கும்படி நிறுத்துகிறோம், வழியும் எண்ணெய் கட்டையின் தலைக்குள் இறங்கி மரத்தை ஊறவைக்காமல் இருக்க. இது பழைய ஆட்களின் வழக்கம். குளிரூட்டிய காரிலிருந்து இறக்கியதும் நேராகப் பெட்டியில் வைப்பதில்லை. 28 டிகிரி 80 சதவீதக் காற்றில் 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்த இரும்பும் வியர்க்கும். கண்ணெதிரிலேயே வைத்துக்கொண்டு, அறைச் சூட்டுக்கு வந்ததும் துடைத்து, அப்புறம்தான் உள்ளே.

சிலிக்கா ஜெல்லுக்கு வருகிறேன். இரண்டு கிலோ வாங்கினோம், செருப்புப் பெட்டியில் வரும் பொட்டலம் எல்லாம் இந்த வேலைக்குப் பத்தாது. தன் எடையில் நாலில் ஒரு பங்கு வரைக்கும் ஈரம் பிடிக்கும், அப்புறம் நிறம் மாறிக் காட்டும். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு இருக்கும், அதை அடுப்பில் காய வைக்க எனக்கு மனசில்லை. ஆரஞ்சு வாங்கினேன். ஈரம் குடித்ததும் கரும்பச்சை ஆகும். 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் மெல்லிசாகப் பரப்பி வைத்தால் மறுபடி ஆரஞ்சு. அத்தையின் கேக் தட்டை எடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது அதற்கென்று ஒரு பழைய தட்டு இருக்கிறது.

அடுத்தது சூட்டுக் குழல். பழைய குண்டு பல்பு அளவு கூட மின்சாரம் குடிக்காத ஒரு நீளக் குழாய், பெட்டியின் அடியில் படுத்திருக்கும். இது ஈரத்தை எடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். எடுக்காது. காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்றுக்குத் தாங்கும் சக்தி கூடுகிறது, அவ்வளவுதான். 24 டிகிரியில் 80 சதவீதமாக இருக்கும் காற்றை நாலு டிகிரி சூடாக்கினால் 63 ஆகிவிடும். இரும்பும் சுற்றியுள்ள காற்றை விடக் கொஞ்சம் சூடாகவே இருப்பதால் வியர்க்காது. பிளக் ஒயர் போக ஏற்கெனவே துளை உள்ள பெட்டியாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். நீங்களாகத் துளை போட வேண்டாம், பெட்டியின் தரச் சான்று கேள்விக்குள்ளாகும்.

குழலை மட்டும் நம்பலாம் என்றால், இது 2023. மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தரம் மின்சாரம் போகும், போகும்போதெல்லாம் குழல் ஆறும், பெட்டி குளிரும். அதனால் இரண்டும் வேண்டியிருந்தது: மின்சாரம் இருக்கும்போது கீழே குழல், இல்லாதபோது காவலுக்கு மேல்தட்டில் சிலிக்கா. மேலே வைப்பதற்குக் காரணம், சூட்டில் சிலிக்கா சரியாக ஈரம் பிடிக்காது. இந்தப் பெட்டிகளின் கதவு காற்றுப் புகாமல் மூடாது, விளிம்பில் நுரைப் பட்டை ஒட்டியும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஆகவே பிப்ரவரியில் மூன்று வாரத்துக்கு ஒரு தரம் சிலிக்கா ஓவனுக்குப் போகும், ஜூலையில் இரண்டு மாதம் கூடத் தாங்கும்.

காலி பண்ணி, இடம் மாற்றி, கம்பளி கிழித்ததிலேயே 83 என்பது 70-க்கு இறங்கிவிட்டது. இதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் வாங்குவதற்கு ஒரு கருவி வேண்டும். சிலிக்கா வைத்து ஒரு வாரத்தில் 58. குழலும் சேர்ந்து 52.

என் நண்பர் ஒருவர் தீ தாங்கும் பெட்டி வாங்கி, அதில் மகளின் சான்றிதழ்கள் நாறுகின்றன என்று போன வருடம் கூப்பிட்டார். அந்தப் பெட்டிகளின் சுவருக்குள் ஜிப்சம் போன்ற நிரப்பு இருக்கும். ஜிப்சம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான். தீப்பிடித்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகி உள்ளே சூடு ஏறாமல் காக்கும். சாதாரண நாளில் அது கட்டுண்டு கிடக்கும், ஆனால் புதுப் பெட்டியில் முழுசாக உலராத நிரப்பின் ஈரம் உள்ளேதான் வரும். வாங்கியதும் காலியாகப் பல நாள் திறந்து போட்டிருக்க வேண்டும். அவர் அன்றைக்கே நிரப்பிப் பூட்டிவிட்டார். தீயிலிருந்து காப்பாற்ற வாங்கியது தண்ணீரில் முக்கியது.

காவல் நிலையத்திலிருந்து வந்தவர் போல்டைத் தட்டிப் பார்த்தார், பூட்டைத் திருகிப் பார்த்தார், எழுதிக்கொண்டு போய்விட்டார். மானியைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். மாமா விளக்கியதைப் பத்து நிமிடம் நின்று கேட்டார், பாவம்.

சரஸ்வதி பூஜைக்கு இப்போது பட்டை பெட்டியின் கதவுக்குத்தான். உலர்ந்த விபூதி, பெயிண்டின் மேல். அத்தைக்கு முதல் வருடம் மனசு ஒப்பவில்லை. இரண்டாம் வருடம் அவரே கதவைத் துடைத்து வைத்திருந்தார்.

மாமா ஒயரில்லா மானி ஒன்று வாங்கி வரச் சொல்லி, அதன் காட்சிப் பலகையை வராந்தாவில் நாற்காலிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். காலையில் ஏழு மணிக்கு எனக்குப் போன் வரும். சாப்பிட்டாயா என்று அத்தை பின்னாலிருந்து கேட்பது கேட்கும்.

"மருமகனே, ஐம்பத்தாறு," என்றார் இன்று. "இங்கே பெய்யுது. அங்கே பெஞ்சுதா?"